வைர அணிக்குக் கோல்கீப்பர் இல்லை

அந்தக் கால்பந்து மன்றத்தில் முன்பெல்லாம் ஒரே ஓர் அணிதான். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. சனிக்கிழமை காலையில் யாரெல்லாம் காலணி மாட்டிக்கொண்டு வருகிறார்களோ, அவர்கள்தான் அணி.

பிறகு மன்றத்துக்கு ஓர் இயக்குநர் வந்தார். வெளியிலிருந்து வரவில்லை. கழுத்தில் விசில் மட்டும் தொங்கிய வரையில் அவர் வெறும் கோச்தான். விசிலுக்குப் பக்கத்தில் ஓர் அடையாள அட்டையும் தொங்க ஆரம்பித்ததும் இயக்குநர் ஆகிவிட்டார். ஆனவுடனே அணியை நான்காகப் பிரித்தார். வைரம், தங்கம், வெள்ளி, அப்புறம் மலர்ச்சி.

கடைசி அணியைக் கடைசி அணி என்று சொன்னால் பிள்ளைகள் மனம் நோகுமாம். அதனால் மலர்ச்சி. பெயரைக் கேட்டதுமே அதுதான் கடைசி அணி என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

வைர அணி போய் ஆடுவதற்கென்று தனி லீக் ஒன்று இருந்தது. முதலில் அதன் பெயர் ‘உயர் லீக்’. எல்லா மன்றங்களும் அதில் சேர்ந்துவிட்டதால், அதற்கு மேல் ‘மிக உயர் லீக்’ என்று ஒன்று தொடங்கினார்கள். அதிலும் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள். இந்த ஆண்டு ‘அதி உயர் சிறப்பு லீக்’. அடுத்த ஆண்டுக்கு என்ன செய்வார்களோ தெரியாது. அகராதியில் சொல் தீர்ந்துகொண்டே வருகிறது.

யார் எந்த அணி என்று முடிவு செய்ய மைதானத்தில் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூன்று கால், ஒரே ஒரு கண். பிள்ளைகள் அதன் முன்னால் ஓட வேண்டும். கூம்புகளுக்கு நடுவே பந்தை உருட்டிக்கொண்டு வளைந்து வளைந்து போக வேண்டும். கடைசியில் தூரத்திலிருந்து வரும் பந்தைக் காலால் நிறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். இயந்திரம் பார்த்துப் பார்த்து மதிப்பெண் போடும்.

பசையின் முறை வந்தது. பசை என்பது பதினொரு வயதுப் பெண். வீட்டில் வைத்த பெயர் வேறு, ஆனால் யாருக்கும் அது நினைவில்லை. அவள் கைக்கு வந்த பந்து ஒட்டிக்கொண்டுவிடும். பந்து மட்டுமல்ல, சமையலறை மேடையிலிருந்து உருளும் முட்டை, அப்பா தவறவிடும் மூக்குக்கண்ணாடி, எதுவானாலும் தரையைத் தொடாது.

பந்து அவளை நோக்கி வந்தது. பசை அதை அழகாகத் தாவிப் பிடித்தாள். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் வந்தது. மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் சிவப்பு. காலை நீட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கைகளுக்குத்தான் தெரியவில்லை.

அவளுக்குப் பின்னால் வந்த நெட்டையும் பிடித்தான். அவனுக்குப் பின்னால் வந்த பூனை என்கிற பெண், புல்லில் விழுந்து புரண்டு பிடித்தாள். மன்றத்தில் இருந்த கோல்கீப்பர்களே இந்த மூன்று பேர்தான். மூவரும் மலர்ச்சிக்குப் போனார்கள்.

பசையின் அண்ணன் அவளைவிட ஒரு வயது பெரியவன். பந்து அவன் காலில் பட்டால் கோல்தான். அவன் வைரத்துக்குப் போனான். முதுகில் வைரம் வரைந்த நீலச் சட்டை கொடுத்தார்கள். அன்று இரவு அதைப் போட்டுக்கொண்டேதான் சாப்பிட்டான்.

பசைக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவளை வருத்தியது சட்டை இல்லை. தினமும் சாயங்காலம் இருவரும் வீட்டு நடைவழியில் ஆடுவார்கள். பழைய காலுறைகளைச் சுருட்டிக் கட்டிய பந்து, குளியலறைக் கதவுதான் கோல். அண்ணன் உதைப்பான், இவள் பிடிப்பாள். அந்த ஆட்டம் நின்றுபோனது. வைர அணிப் பிள்ளைகள் மற்ற அணிகளோடு ஆடினால் தரம் இறங்கிவிடும் என்று இயக்குநர் சொல்லியிருந்தாராம்.

“நடைவழியிலகூடவா?” என்று பசை கேட்டாள்.

“தரம் எங்கே ஆடினாலும் தரம்தான்னு சொன்னாரு” என்றான் அண்ணன். அவனுக்கே அது புரிந்த மாதிரி தெரியவில்லை.

மலர்ச்சிக்குப் பயிற்சி கொடுக்க ஆள் இல்லை. சம்பளம் வாங்கும் கோச்சுகள் எல்லாரும் மேலே இருந்தார்கள். அதனால் பசையின் அம்மாவைப் பிடித்துப் போட்டார்கள். அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கால்பந்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, அது உருண்டையாக இருக்கும் என்பதுதான். ஓரத்தில் நின்றுகொண்டு, “பாத்து, பாத்து” என்று மட்டும் சொல்வாள். கண்ணைச் சோதித்துப் பழகிய வாய். ஆனால் பிள்ளைகள் உண்மையிலேயே பார்க்கத் தொடங்கினார்கள். பந்து எங்கே போகிறது, யார் சும்மா நிற்கிறார்கள் என்றெல்லாம்.

வைர அணியின் முதல் ஆட்டம் ரொம்ப தூரத்தில் நடந்தது. அப்பாதான் காரில் அண்ணனை அழைத்துப் போனார். இரண்டு அணிகளும் வரிசையாக நின்றன. நடுவர் நீலச் சட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார். “உங்க கோல்கீப்பர் எங்கே?”

வைரங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர் வைரங்களைப் பார்த்தார். அதுவரை யாருக்கும் அது தோன்றவே இல்லை.

அண்ணன் உயரமாக இருந்தான். அது போதாதா, அவனைக் கோலில் நிறுத்தினார்கள். எத்தனை கோல் விழுந்தது என்று அவன் வீட்டில் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை, காரை நிறுத்திவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆட்டத்திலும் அதே கதை. கோல்கீப்பரின் கவனம் போதவில்லை என்று இயக்குநர் ஆராய்ந்து கண்டுபிடித்தார்.

நீலச் சட்டை கதவுக்குப் பின்னால் போய்த் தொங்கியது. ஒருநாள் சாப்பாட்டின் நடுவே அண்ணன் சொன்னான்.

“இந்த மாசத்தோட நின்னுக்கறேம்மா. கால்பந்து வேணாம்.”

அம்மா தட்டைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். பசை அண்ணனின் கால்களைப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் எப்போதும் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும் கால்கள், அன்று அசையாமல் இருந்தன.

மறுநாள் அவள் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் ஒரு பலகையில் வட்டங்களும் அம்புகளுமாக வரைந்துகொண்டிருந்தார். எங்கள் அண்ணனை முன்னால் ஆட விடுங்கள், கோலில் நாங்கள் மூன்று பேரும் மாறி மாறி நிற்கிறோம் என்று சொன்னாள். அவர் சிரித்தார். மலர்ச்சியிலிருந்து வைரத்துக்கு நேராக வர முடியாது, வெள்ளி வழியாகத்தான் வர வேண்டும், அதற்கு ஒரு பாதை இருக்கிறது என்று அம்புகளைக் காட்டினார். இயந்திரம் பொய் சொல்லாது என்றும் சொன்னார்.

“சார், அந்த மெஷின் பந்தைப் பிடிச்சா எவ்வளவு மார்க் போடும்?”

“பந்தைப் பிடிச்சாலா?” இயக்குநர் யோசித்தார். “கால்பந்துல கையால தொடுறது தப்பு. அதுக்குக் கழிக்கும்.”

“கோல்கீப்பருக்குமா சார்?”

இயக்குநர் பலகையில் ஓர் அம்பை அழித்தார். பிறகு அதையே மறுபடியும் வரைந்தார்.

“அப்ப சனிக்கிழமை எங்களோட ஒரு ஆட்டம் ஆடச் சொல்லுங்க. நாங்க பிடிப்போமான்னு நீங்களே பாருங்க.”

“வைரம் போய் மலர்ச்சியோட ஆடுறதா? தரம் என்னாகறது?”

“தோத்தாதானே சார் தரம் இறங்கும்?” என்றாள் பசை. “வைரம் தோத்துடும்னு நினைக்கிறீங்களா?”

அதன் பிறகு இயக்குநரால் மறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை. ஒரு பக்கம் நீலம். மறுபக்கம் மலர்ச்சியின் பச்சை. மிச்சமிருந்த துணியில் தைத்த சட்டைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். கோலில் பசை. அவளுக்கு முன்னால் நெட்டையும் பூனையும். கையால் பிடித்துப் பழகியவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சாலும் வயிற்றாலும் முதுகாலும் பந்தைத் தடுத்தார்கள். அவர்களைத் தாண்டி வந்தது எல்லாம் பசையின் கையில் ஒட்டியது. வைரங்கள் உதைத்து உதைத்துக் களைத்தார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. மலர்ச்சியிலேயே சின்னப் பையன் கடுகு. பிறந்ததிலிருந்து ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அவன் காலில் பந்து எப்படியோ வந்து சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். பந்து மெதுவாக உருண்டு, அண்ணனின் கால்களுக்கு நடுவே புகுந்து, உள்ளே போய் உட்கார்ந்தது. அம்மா வழக்கம்போல “பாத்து” என்றாள். கடுகு கண்ணைத் திறந்து பார்த்தான். அவனால் நம்ப முடியவில்லை.

மலர்ச்சி துள்ளியது. பசையும் துள்ளினாள். ஆனால் எதிர்க் கோலில் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்ததும் அவள் கால்கள் நின்றுவிட்டன.

இடைவேளையில் எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். பசை மைதானத்தைக் குறுக்கே கடந்து அண்ணனிடம் போனாள்.

“உன் கையுறையைக் கொடு.”

“எதுக்கு?”

“அடுத்த பாதி உங்க கோல்ல நான் நிக்கறேன். எங்க கோல்ல நெட்டை நிப்பான். நீ போய் உதை.”

“நீ மலர்ச்சிடி.”

“ஆமா. அதுக்கென்ன இப்போ? குளியலறைக் கதவுகிட்ட நிக்கும்போதும் நான் மலர்ச்சிதானே.”

அண்ணன் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தான். இயக்குநர் திடீரென்று வானத்தில் எதையோ ஆராய ஆரம்பித்தார். அண்ணன் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தான்.

அடுத்த பாதியில் அவன் ஓடிய ஓட்டத்தை அங்கிருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். நெட்டை நான்கைத் தடுத்தான். ஐந்தாவதை அவனால் தடுக்க முடியவில்லை. கடுகு இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான், பசை பிடித்துவிட்டு அவனைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. யாருடைய தரமும் இறங்கிய மாதிரி தெரியவில்லை.

இப்படி ஒரு ஆட்டத்தை நடத்த வேண்டும் என்று வெகுநாளாகத் திட்டமிட்டிருந்ததாக இயக்குநர் பெற்றோர்களிடம் விளக்கினார். கோல்கீப்பர்களுக்கென்றே ‘வைரத்துக்கும் மேல்’ என்று ஐந்தாவது பிரிவு ஒன்று தொடங்கப் போவதாகவும் அறிவித்தார். அதில் யார் யார் என்று நெட்டை கேட்டான். நீங்கள் மூவர்தான் என்றார்.

தனிப் பிரிவெல்லாம் வேண்டாம், சனிக்கிழமைகளில் முறை வைத்து வைரத்துக்கு நிற்கிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மலர்ச்சிக்குத்தான் ஆடுவோம், புதன்கிழமை எல்லாருக்கும் ஒரே பயிற்சி என்று மூவரும் சொல்லிவிட்டார்கள். இயக்குநருக்கு வேறு கோல்கீப்பர் இல்லை.

முதல் முறை பசைக்கு. அதி உயர் சிறப்பு லீக்கின் அந்த ஆட்டத்துக்கு வீடே கிளம்பியது. அம்மா கடைக்கு விடுமுறை சொன்னாள். பின் இருக்கையில் அண்ணன் கால்கள் முன் இருக்கையைத் தட்டிக்கொண்டே வந்தன. அப்பா திட்டவில்லை.

பசை பச்சைச் சட்டையோடு இறங்கினாள். இயக்குநர் பதறிப்போய் ஒரு நீலச் சட்டையை நீட்டினார். இங்கே மலர்ச்சிச் சட்டை கூடாது, மாற்று என்றார். பக்கத்தில் நின்ற நடுவர் குறுக்கிட்டார்.

“அதை ஏன் மாத்தச் சொல்றீங்க? கோல்கீப்பர் சட்டை வேற நிறத்துலதான் இருக்கணும். அது விதி சார்.”

இயக்குநர் நீலச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டார்.

அணிகள் வரிசையாக நின்றன. நடுவர் நீலங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, எழுதிக்கொள்வதற்காக வழக்கம்போலக் கேட்டார். “உங்க கோல்கீப்பர் எங்கே?”

வரிசையில் இருந்த எல்லாருமே கையை நீட்டினார்கள். அண்ணன் மட்டும் வாயைத் திறந்தான்.

“அதோ, பச்சைச் சட்டை. என் தங்கச்சி.”

பசை கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு கோலை நோக்கி நடந்தாள். அது குளியலறைக் கதவைவிடக் கொஞ்சம் அகலம்தான்.