அவர் சொல்லாதவை

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "சரிங்க. இனிமே வாளியை வாசல்ல வைக்க மாட்டேன்."

அவர் வாயே திறந்திருக்கவில்லை. வாளி காலில் இடித்தது உண்மை. சுருக்கென்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்ததும் உண்மை. ஆனால் பல்லைக் கடித்து அதை விழுங்கியிருந்தார். இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டதில், சொல்வதற்கு முன்பே பதில் சொல்லப் பழகிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பே அவரைச் சுட்டது.

தையல் ஆலையில் அவர் சூப்பர்வைசர். மெஷின்கள் வரிசை வரிசையாக இரையும் கூடத்தில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி கத்தியே ஆளானவர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். அந்தக் குரலை ஆலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாள் வீட்டில் அவர் போட்ட சத்தத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரே மகள் பயத்தில் உடையை நனைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் முழங்காலிட்டு, தோள் குலுங்க அழுதார். அதன் பிறகு யாரும் அவர் சத்தத்தைக் கேட்கவில்லை. "என்ன, பேட்டரி தீந்துபோச்சா?" என்று கட்டிங் மாஸ்டர் கேலி செய்தபோதும் சிரித்துக்கொண்டார்.

கோபம் மட்டும் போகவில்லை. போதகரிடம் போய்ச் சொன்னார். நமக்குள்ளே இருக்கிற பழைய மனுஷன் ஒரே நாளில் சாக மாட்டான், தினமும் போராடத்தான் வேண்டும் என்றார் அவர். போராடினார். கோணல் காலரோடு வந்த பண்டலைப் பார்த்து விழுங்கினார். பஸ்ஸில் காலை மிதித்தவனைப் பார்த்து விழுங்கினார். ஒவ்வொரு முறையும் சூடான எதுவோ தொண்டை வழியாக இறங்கியது. எங்கே போய்ச் சேர்கிறது என்று அவர் யோசித்ததில்லை.

ஒரு சாயங்காலம், அவருடைய நல்ல சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்து கருகியிருந்தது. பார்த்தார், விழுங்கினார், குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டே ஜெபித்தபோது, தண்ணீர் இரைச்சலுக்கு அடியில், ஈரச்சுவருக்கு அந்தப்பக்கம், ஓர் ஆணின் குரல் ஏறி இறங்குவது போலிருந்தது. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று குழாயை மூடினார். குரல் நின்றது. கருகிய துணியின் வாசனை மட்டும் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது.

வெளியே வந்தபோது மனைவி கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டார்.

"அதை வேற என் வாயால சொல்லணுமா?"

"நான் பாத்ரூம்ல இருந்தேன்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இங்கயே நின்னு கத்திட்டு, இல்லைங்கறீங்க. முன்னாடியெல்லாம் கத்தினா, கத்தினேன்னாவது ஒத்துக்குவீங்க."

பிறகு, அவர் என்ன சொன்னார் என்பதையும் அழுகைக்கு நடுவே சொல்லிக் காட்டினாள். ஒரு சொல் பிசகவில்லை. அவர் விழுங்கியது அத்தனையும்.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போனது. வாயை விட்டால் பாவம். அடக்கினால் அது பக்கத்து அறைக்குப் போய்விடுகிறது. கோபமே வரக்கூடாது என்று மன்றாடினார். கண்ணை மூடி மன்றாட ஆரம்பித்தாலே சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ கனைத்துக்கொள்வது கேட்டது. பேசுவதற்கு முன் தொண்டையைச் சரிசெய்வது போல, அவர் கனைப்பது போலவே. வேலை முடிந்தும் ஆலையைவிட்டு நகராமல், நின்றுபோன மெஷின்களுக்கு நடுவே எண்ணெய் நாற்றத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆனால் என்றாவது வீட்டுக்குப் போய்த்தானே ஆகவேண்டும்?

போனார். வெளிச்சம் மங்குகிற நேரம், கரண்ட் இல்லை. கூடத்துத் தரையில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அவருடைய மூக்குக்கண்ணாடி, இரண்டு துண்டாக.

அது வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

மகள் அவரைப் பார்க்கவில்லை. படுக்கையறைப் பக்கம் திரும்பினாள். ஏதோ கேட்டவள் போல முகம் வெளுத்தது.

"இதோ வரேம்ப்பா," என்றாள் அந்த அறையைப் பார்த்து.

எழுந்தாள். நடந்தாள். உள்ளே போனாள்.

அவர் கூப்பிட நினைத்தார். வாயைத் திறக்கப் பயம். பின்னாலேயே ஓடினார்.

அறையில் இருட்டு. மனைவி ஏற்கெனவே அங்கே இருந்தாள், தலை குனிந்து. பக்கத்தில் குழந்தை. அவர்களுக்கு எதிரே, அலமாரியை ஒட்டி, ஒருவன். அவர் உயரம். அவர் தோள். ஓங்கிய கை.

அவர் கத்தினார்.

நிறுத்து என்றுதான் தொடங்கினார். அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது. காலர் கோணல். பஸ்ஸில் மிதித்தவன். வாளி. சட்டை. விழுங்கிய ஒவ்வொன்றும், விழுங்கியபோது இருந்த சூட்டோடு. அலமாரிக் கதவு அதிர்ந்தது.

ஓங்கிய கை மெல்ல இறங்கியது. அவன் திரும்பினான். அவர் முகம். ஆனால் அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்காகத்தான் அவர் இத்தனை நாள் முழங்காலில் நின்றார்.

அவன் குனிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மனைவி ஓரடி நகர்ந்து, அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

அவர் அவள் பெயரைச் சொல்ல முயன்றார். வசைதான் வந்தது. கையால் வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் வந்தது.

அவரை இரக்கத்தோடு பார்த்தபடியே, அவன் குழந்தையின் ஒரு காதைத் தன் மார்பில் அழுத்தி, மறு காதை உள்ளங்கையால் மூடினான்.