வெள்ளைக் காரில் வாழைக்கறை

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் கார் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த பழைய வெள்ளைக் கார்தான். ஆனால் என் அப்பா திருமலைக்கு அதுதான் தேர், அதுதான் விமானம், எல்லாமே.

அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் வேலை செய்தார். வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் போவார். கார், அம்மாவின் ஊரான ஆர்.கே.பேட்டைக்குப் போக மட்டும். மற்ற நாளெல்லாம் அது வாசலில் சும்மா நிற்கும். காலையில் பார்த்தால் ஆலைப் புகைத்தூள் அதன்மேல் கறுப்பாகப் படிந்திருக்கும். நான் விரலால் 'தேவதர்ஷினி' என்று என் பெயரை எழுதத் தொடங்குவேன். 'தேவதர்' வரை வருவதற்குள் அப்பா துணியோடு வந்து துடைத்துவிடுவார்.

இப்போது நான் கல்லூரிக்குப் போகிறேன். அந்தக் காரை விற்று நாளாகிவிட்டது. ஆனாலும் தூசி படிந்த எந்தக் காரைப் பார்த்தாலும் என் விரல் துறுதுறுக்கும்.

அந்த வருஷ ஆயுத பூஜைதான் காருக்கு எங்கள் வீட்டில் முதல் பூஜை. விடிந்ததும் அப்பா வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வெளியே போனார். போன வேகத்தில் ஒரு கத்தல் கேட்டது.

"ஐயோ! யாரு என் வண்டிய இப்டிப் பண்ணது?"

நானும் அம்மாவும் ஓடினோம். காரின் பின்கதவு நன்றாக உள்ளே அமுங்கிக் கிடந்தது. அப்பா பிடித்து இழுத்தார். திறக்கவில்லை. இன்னொரு முறை இழுத்தார். அப்போதும் திறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து, காருக்குப் பக்கத்தில் அன்பு அண்ணனின் டெம்போ நின்றுகொண்டிருந்தது. அவர்தான் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுபவர். எங்கள் தெரு முட்டுச் சந்து. அதனால் அவர் தினமும் பின்பக்கமாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே வருவார்.

"இன்னா அன்பு, இடிச்சிட்டு சும்மா நின்னுக்கினு இருக்க?" என்றார் அப்பா.

"நானா? இப்பதான் அண்ணே வந்து நிக்கிறேன். என் வண்டி எங்கயும் படல."

"நீதான டெய்லி ரிவர்ஸ்ல வர்ற? வேற எவன் வர்றான் இந்தச் சந்துக்கு?"

"இடிச்சிருந்தா சொல்லிடுவேன் அண்ணே. சொல்லாம ஓடுற ஆளா நானு?"

"கதவு போனாக்கூடப் பரவால்லடா. மூஞ்சிக்கு நேரா பொய் சொல்ற பாரு!" என்று அப்பா கத்தினார். தெருவில் மொத்தம் பதினோரு வீடு. குப்பம்மாள் ஆயாவுக்கு மட்டும் காது கேட்காது. மற்ற எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

"எங்களுக்கும் இன்னிக்குக் கேன் வாணாம்பா" என்றார் பக்கத்து வீட்டுச் சந்திரகலா அத்தை. மற்ற வீட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். அன்பு அண்ணன் தோளில் வைத்திருந்த கேனைத் திரும்ப டெம்போவில் வைத்தார். யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கும் அன்பு அண்ணன் மேல் கோபம்தான். அரை மணி நேரம்தான் அந்தக் கோபம் இருந்தது.

பின்பக்கம் அம்மா என் பள்ளிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டு இருந்தார். "எங்கடி போய்ப் புரண்ட? வாழைக்கறை இது. எந்தச் சோப்புக்கும் போகாது. புதுச் சட்டையப் பாழாக்கிட்டு வந்திருக்க!"

வாசலில் அப்பா காரைத் தேய்த்துக்கொண்டு இருந்தார். "இது இன்னா கறையோ தெரியல. தேய்க்கத் தேய்க்க அப்டியே இருக்கு!"

நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். அமுங்கிய இடத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கறை. திரும்ப உள்ளே போய் என் சட்டையைப் பார்த்தேன். அதே பழுப்பு.

முந்தின நாள் பள்ளியில் எங்கள் வேனுக்குப் பூஜை போட்டோம். வேன் ஓட்டும் ஏழுமலை அண்ணன் பின்பக்கம் இரண்டு மூலையிலும் வாழைக்கன்று கட்டினார். அது எங்களுக்குப் போதவில்லை. முன்பக்கக் கண்ணாடிகள்மேலும் கட்ட வேண்டும் என்று நானும் என் வகுப்பு விமலும் அடம்பிடித்தோம்.

"பாப்பா, கண்ணாடிய மறைக்குதும்மா. பின்னாடி ஒண்ணுமே தெரியல" என்றார் அவர்.

"இருக்கட்டும் அண்ணா! கல்யாண வண்டி மாதிரி இருக்கு!" என்று நானே வாழையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கட்டினேன். சட்டைக் கறை அப்போது வந்ததுதான்.

அதே வேனில்தான் வீட்டுக்கு வந்தேன். பொரிப் பொட்டலத்தோடு நான் உள்ளே ஓடிவிட்டேன். எங்கள் வாசலில்தான் ஏழுமலை அண்ணன் எப்போதும் வேனை முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்புவார். அப்பா வேலை முடிந்து வரும்போது இருட்டிவிட்டிருந்தது. மற்ற வண்டிகளுக்கெல்லாம் இன்றைக்குத்தான் வாழைமரம் கட்டுகிறார்கள். நேற்றே கட்டியிருந்தது எங்கள் வேனில் மட்டும்தான்.

நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். ஏழுமலை அண்ணன் எப்படிப்பட்டவர் தெரியுமா? நான் ஷூ போட நேரமானால் ஹாரனே அடிக்க மாட்டார். விமல் டிபன் பாக்ஸை மறந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் எடுத்து வருவார். அவருக்கு முன்னால் இருந்த டிரைவரை, ஒரு சுவரில் உரசியதற்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். சொன்னால் இவருக்கும் வேலை போய்விடுமோ?

சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது தெருமுனையில் அன்பு அண்ணனின் டெம்போ தெரிந்தது. வழக்கமாக அங்கே வந்ததும், ரிவர்ஸ் எடுக்க அது நிற்கும். இந்த முறை நிற்காமல் நேராகப் போய்விட்டது. நான் எழுந்து அப்பாவிடம் போனேன்.

"அப்பா, கார இடிச்சது அன்பு அண்ணன் இல்ல."

"பின்ன யாராம்?"

"நான்."

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? உனக்கு பிரேக்குக்குக் கால் எட்டுமாடி?"

அம்மா சிரித்துவிட்டார். நான் ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே வாழைமரம், கண்ணாடி, சட்டை என்று முன்பின்னாக எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என் சட்டையை வாங்கிக் கொண்டுபோய்க் காருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பைக்கை எடுத்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

ஏழுமலை அண்ணன் வீட்டு வாசலில் வேன் நின்றது. வாழைமரங்கள் வாடித் தொங்கின. ஒரு மூலையில் தண்டு மட்டும் நசுங்கிக் கூழாகியிருந்தது. அப்பா அதை விலக்கினார். அதன் பின்னால், வேனின் மஞ்சள் தகரத்தில், வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

ஏழுமலை அண்ணனுக்கு முகமே மாறிவிட்டது. "சத்தியமா தெரியாது சார். சர்ருனு ஒரு சத்தம் கேட்டுச்சு. வாழ எலதான் செவுத்துல ஒராயுதுன்னு நெனச்சிட்டேன். உள்ள புள்ளைங்க வேற ஒரே பாட்டு."

"அண்ணன் வாணாம்னுதான் சொன்னாரு அப்பா. நான்தான் கேக்கல" என்றேன்.

"அது சின்னப் புள்ள சார். ஓட்டுனவன் நானு. இறங்கிப் பாத்திருக்கணும்" என்றார் அவர். உள்ளே போய்க் கத்தி எடுத்து வந்து, கண்ணாடியை மறைத்த வாழைகளை அறுத்துப் போட்டார். "ஸ்கூல் தொறந்ததும் நானே போய்ச் சொல்லிடறேன். இன்னா பண்ணுவாங்களோ, பண்ணட்டும்."

"நானும் கூட வர்றேன்" என்றார் அப்பா. "தெரியாம ஆச்சு, ஓடிப் போகலன்னு நான் சொல்றேன்."

இரண்டு பேரும் சேர்ந்தேதான் போனார்கள். தலைமை ஆசிரியை அரை மணி நேரம் திட்டினாராம். ஆனால் வேலை போகவில்லை. நான் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை ஏழுமலை அண்ணன்தான் எங்களை அழைத்துப் போனார். கார்க் கதவையும் அவரே ஆள் வைத்துத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார்.

அது பிறகு நடந்தது. அன்றைக்கு, அங்கிருந்து அப்பா வீட்டுக்குத் திரும்பவில்லை. நேராகத் தண்ணீர் கேன் கொட்டகைக்குப் போனார். அன்பு அண்ணன் டெம்போவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அன்பு, நீ இடிக்கல. ஸ்கூல் வேன் இடிச்சிருக்கு. நான் உன்னத் தப்பாப் பேசிட்டேன்."

அன்பு அண்ணன் நிமிரவில்லை. "சரி அண்ணே. தெரிஞ்சிடுச்சில்ல, போதும்."

"போதாது. தெருவே கேக்குற மாதிரி கத்தினேன். வண்டிய எடு. எங்க தெருவுல ஒரு ஊட்லயும் தண்ணி இல்ல."

"அவங்கதான் வாணான்னுட்டாங்களே."

"வாணான்னு சொல்ல வெச்சவன் நானு. நான் வர்றேன், எடு."

பைக்கை அங்கேயே விட்டுவிட்டு நாங்களும் டெம்போவில் ஏறினோம். தெருமுனை வீட்டில் அது நின்றது. அப்பா இறங்கி ஒரு கேனைத் தூக்கித் தோளில் வைத்தார். இரும்பு ஆலையில் வேலை செய்பவர்தான், ஆனாலும் தள்ளாடினார். கதவைத் தட்டி, "கார இடிச்சது அன்பு இல்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார்.

"அப்ப யாரு?"

"எம்பொண்ணு கட்டுன வாழமரம்" என்றார் அப்பா. நான் டெம்போவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த வீட்டிலும் அதேதான். கேன், கதவு, "அன்பு இல்ல", வாழைமரம். சந்திரகலா அத்தை கேனை வாங்கி வைத்துக்கொண்டு, "தப்பா நெனச்சிக்காதப்பா" என்று அன்பு அண்ணனிடம் சொன்னார். ஆறாவது வீடு வருவதற்குள் அப்பாவின் பூஜைச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"போதும் அண்ணே, மிச்சத்த நான் போட்டுக்கறேன்" என்றார் அன்பு அண்ணன்.

"சும்மா வாடா. இன்னும் ஊடு இருக்கு."

எங்கள் வீட்டுக்கு எதிரே குப்பம்மாள் ஆயா வீடு. அதுதான் கடைசி. அப்பா கேனோடு நின்று மூச்சு வாங்கினார்.

"ஆயா! கார இடிச்சது அன்பு இல்ல!"

"இன்னா?"

"அன்பு இல்ல ஆயா! கார இடிச்சது!"

"இன்னா நைனா சொல்ற? சத்தமாச் சொல்லு!"

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, காலையில் கத்தியதைவிட இரண்டு மடங்கு சத்தமாகக் கத்தினார். "அன்பு இடிக்கலே ஆயா! நான்தான் தப்பாச் சொன்னேன்!" எல்லா வாசலிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

ஆயா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவன் இடிச்சா சொல்லிட மாட்டானா? இதுக்கா இம்மாம் கத்தல்?"

டெம்போவின் மேல் சாய்ந்துகொண்டு அன்பு அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிப்பெல்லாம் அப்புறம் சிரிக்கலாம். காலைலேர்ந்து குடிக்கத் தண்ணி இல்ல. கேன உள்ள வைங்கடா!" என்றார் குப்பம்மாள் ஆயா.