தாழ்ப்பாளைத் தொடாதே

மூன்று கோழிகளும் வந்த அன்றைக்கே காணாமல் போயின.

குற்றவாளி அப்பாதான். பஸ் ஓட்டும்போது சின்ன விதியைக்கூட மீறாத அப்பா, கோழிகள் கம்பி வலைக்குள்ளிருந்து பாவமாகப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். "கொஞ்சம் கால் நீட்டிட்டு வரட்டுமே" என்று கதவைத் திறந்தார். சிவப்பி முதலில் போனது. புள்ளி பின்னால் போனது. கொண்டை கிழிந்த கிழிசல், போகிற போக்கில் அப்பாவின் செருப்பை ஒரு கொத்து கொத்திவிட்டுப் போனது.

ஒரு மணி நேரம் கழித்து, கோழிகளை விற்ற பூட்டுக்காரரே அவற்றைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். பூட்டு ரிப்பேர் செய்கிற அவர் வீடு மூன்று தெரு தள்ளி இருந்தது.

"மூணும் என் வாசல்ல வரிசையா உக்காந்திருக்குதுங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி" என்றார். "நான் அடுத்த வாரம் மாடி வீட்டுக்குக் குடி போறேன். அங்க கோழி வளர்க்க விட மாட்டாங்க. திரும்பவும் வந்துச்சுன்னா கறிக்கடைதான். எனக்கு வேற வழி தெரியல."

அம்மா தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். அன்றைக்கு அவருக்கு ஏற்கெனவே தலைவலி.

"காணாமப் போன பார்சலைத் தேடுறதுதான் எனக்கு நாள் முழுக்க வேலை. வீட்டுக்கு வந்தும் கோழியைத் தேடணுமா?" என்றார். "வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுங்களா கூட்டுக்குத் திரும்பி வரணும். இல்லன்னா கறிக்கடைக்காரருக்கு நானே போன் பண்ணிடுவேன்."

"அதுங்க ஓடிப் போகலம்மா" என்றாள் பட்டாசு. "வீட்டுக்குத்தான் போயிருக்குதுங்க."

பட்டாசுக்கு வயது பத்து. பட்டென்று பேசுவதால் வந்த பெயர். கோழிகள் விஷயத்தில் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவர்கள் இந்த வீட்டுக்குக் குடி வந்தார்கள். முதல் திங்கட்கிழமை பள்ளி விட்டதும், அவள் கால்கள் அவளைக் கேட்காமல் பழைய வீட்டுக்கே போய்விட்டன. மணி அடித்தாள். முகமெல்லாம் சோப்பு நுரையோடு யாரோ ஒரு மாமா கதவைத் திறந்தார். வீட்டில் அவள் இதைச் சொல்லவே இல்லை. ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது, அதனால்தான் தாமதம் என்று சமாளித்துவிட்டாள்.

கோழிகளின் காலுக்கும் பழைய வீடுதான் தெரியும். புது வீடு காலில் ஏறும்வரை கதவைத் திறக்கவே கூடாது.

அன்று மாலையே கூட்டின் முன்னால் ஓர் அட்டை தொங்கியது.

"தாழ்ப்பாளைத் தொடாதே. ஞாயிறு மாலை வரை. யாராக இருந்தாலும். அப்பாவும்."

கூடு ஒன்றும் சின்னது இல்லை. அப்பா பழைய அலமாரியைப் படுக்கப்போட்டு, அதன் முன்னால் இரண்டு கட்டில் அகலத்துக்குக் கம்பி வலை கட்டியிருந்தார். பட்டாசு காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினாள். கீரையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். ஆனாலும் கோழிகள் ஊரைக் கூட்டின.

பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, கழுத்தில் இஞ்ச் டேப்போடு மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"ஏண்டி, வாயில்லா ஜீவனை இப்படியா அடைச்சு வைப்ப? உன்னை அடைச்சா சும்மா இருப்பியா?"

"கத்துவேன்."

"அதுங்களும் கத்துதே!"

"கத்தட்டும்க்கா. நான் பக்கத்துலயேதான் இருக்கேன்."

தெருப் பிள்ளைகள் அவளை ஜெயிலர் என்று கூப்பிட்டார்கள். "ஜெயிலர் இல்ல, சூப்பரின்டென்ட். மரியாதையா கூப்பிடு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா சத்தமில்லாமல் கூட்டுப் பக்கம் நடந்தார். கை தாழ்ப்பாளை நோக்கி நீண்டது.

"அப்பா!"

"ப... பல் தேய்க்க வந்தேம்மா."

"பிரஷ் எங்க?"

"அதைத் தேடிக்கிட்டுதான் வந்தேன்."

அன்றிலிருந்து தாழ்ப்பாளில் பட்டாசின் சைக்கிள் பூட்டும் தொங்கியது.

சிவப்பியும் புள்ளியும் செவ்வாய் மாலையே சமாதானமாகிவிட்டன. கிழிசல்தான் மசியவில்லை. மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதன்கிழமையும் அப்படியே.

"ரெண்டு நாளா பட்டினி" என்றார் தையல்கார அக்கா. "அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் பிடிவாதம்தான் காரணம், சொல்லிட்டேன்."

பட்டாசு சாவியை எடுத்தாள். பூட்டருகே போனாள். திறந்துவிட்டால் கிழிசல் நேராகப் பழைய வாசலுக்குப் போகும். அங்கிருந்து கறிக்கடைக்கு. திறக்காவிட்டால்?

கிழிசலின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவளும் இப்படித்தான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். மூன்றாம் நாள், பெட்டிக்கு அடியிலிருந்து அவளுடைய பழைய தலையணை கிடைத்த பிறகுதான் தூக்கம் வந்தது.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பூட்டுக்காரர் வீட்டுக்கு ஓடினாள்.

"கிழிசல் இங்க எதுமேல தூங்கும்?"

சாமான் கட்டிக்கொண்டிருந்த பூட்டுக்காரர் கொல்லைப்புறத்தைக் காட்டினார். "அந்த உடைஞ்ச ஏணிதான். உச்சிப் படியில வேற யாரையும் ஏற விடாது. தூக்கிப் போடலாம்னு இருந்தேன்."

"தூக்கிப் போடாதீங்க. எனக்குக் கொடுங்க."

நாலே படி மிஞ்சிய அந்த ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று தெருவும் நடந்தாள்.

"ஏணியைத் தூக்கிக்கிட்டு எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டார் தையல்கார அக்கா.

"கோழிக்குக் கட்டில். சிரிக்கிறதுன்னா அப்புறமா சிரிங்க. இப்ப வந்து கதவைப் பிடிங்க."

அக்கா சிரித்துக்கொண்டேதான் வந்தார். ஆனால் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பட்டாசு உள்ளே புகுந்து ஏணியைச் சாய்த்து வைத்தாள்.

கிழிசல் திரும்பியது. ஒரு கண்ணால் பார்த்தது. மறு கண்ணால் பார்த்தது. ஒரு படி, இரண்டு படி, மூன்று, நாலு. உச்சியில் உட்கார்ந்து இறகை உதறியது.

வியாழக்கிழமை காலையில் தானியக் கிண்ணம் காலி.

ஞாயிறு மாலை வந்தது. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தார், மடியில் போன். மதில்மேல் தையல்கார அக்கா. அப்பா தன் இரண்டு கைகள் மீதும் தானே உட்கார்ந்திருந்தார். அது பட்டாசின் உத்தரவு.

அவள் பூட்டைக் கழற்றிக் கதவை அகலமாகத் திறந்தாள்.

சிவப்பி வெளியே வந்து மண்ணைக் கிளறியது. புள்ளியும் சேர்ந்துகொண்டது. கிழிசல் மட்டும் எதையும் பார்க்காமல் நேராக வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது.

அப்பா எழுந்தார். "போகுதே! பிடி, பிடி!"

"உக்காருங்கப்பா! யாரும் பிடிக்கக் கூடாது."

"போயிடுச்சுன்னா?"

"போகாது. வழி அதுக்குத் தெரியும்."

பெரிய குரலில்தான் சொன்னாள். ஆனால் கழற்றிய பூட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கிழிசல் நடுத்தெருவில் நின்றது. பூட்டுக்காரர் வீட்டுப் பக்கம் கழுத்தை நீட்டியது. வெயில் மதிலைவிட்டு இறங்கியது. சிவப்பியும் புள்ளியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுக்குள் போய்விட்டன. அம்மா போனைக் கையில் எடுத்தார்.

கிழிசல் திரும்பியது. அவசரமே இல்லாமல், ஊர்வலம் போகிறமாதிரி நடந்து வந்தது. வழியில் நின்று அப்பாவின் செருப்பை ஒரு கொத்து கொத்தியது. கூட்டுக்குள் போய், நாலு படியும் ஏறி, உச்சியில் உட்கார்ந்தது.

அம்மா போனை உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"வேடிக்கை பாத்தது போதும் பட்டாசு. கதவைச் சாத்து. பிள்ளைங்களுக்குக் காத்து அடிக்குது பாரு."

"பிள்ளைங்களா!" என்றார் அப்பா. அம்மா முறைத்தார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டது. யாரோ சொன்ன ஜோக்கை நினைத்துச் சிரித்தபடியே நடந்த பட்டாசு, நிமிர்ந்து பார்த்தபோது தன் வீட்டு வாசலில் நின்றாள். எந்தத் தெருமுனையிலும் அவள் யோசிக்கவே இல்லை.

வாசற்படியில் கிழிசல் நின்றுகொண்டு அவளையே பார்த்தது.

"என்ன முறைக்கிற?" என்றாள் பட்டாசு. "எனக்கும் வழி தெரியும்."