மொட்டைமாடி வெயில்

டிசம்பர் 12, மாலை 5.20. அந்தமானின் டெலானிபூர் இருட்டிவிட்டிருந்தது. அலுவலக மொட்டைமாடியில் எஞ்சினியர் ஈஸ்வரன் மண்டை உடைந்து குப்புறக் கிடந்தான். ரத்தம் இன்னும் உறையவில்லை. தலைக்கு மேலே காற்றளக்கும் கருவி கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. டார்ச்சோடு ஏறிப் பார்த்துச் சொன்ன காவலாளி காத்தமுத்துவையே போலீஸ் பிடித்துக்கொண்டது. கண்டு சொன்னவன் தலையில் பழி விழுவது புதிதா என்ன?

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் விஜயகுமாரியை ஸ்டேஷன் வாசலில் காத்தமுத்துவின் மனைவி ராசம்மா மறித்தாள்.

"அவரு கோழியக்கூட அறுக்க மாட்டாருங்கம்மா. இன்னைக்கு ராவுக்குள்ள கோர்ட்டுல நிறுத்தப் போறாங்களாம்."

விஜயகுமாரி நேராக ஈஸ்வரனின் அலுவலகத்துக்கு ஜீப்பை விடச் சொன்னாள்.

மாலை 4.30. சென்னையிலிருந்து வந்து ஒரு மாதமே ஆன மேனேஜர் ராஜசேகர், திரை போட்ட தன் அறையில் நிதானமாகப் பேசினான். நேற்று நாலு மணியிலிருந்து அறையை விட்டு நகரவில்லையாம். ஆள் அசைவு இல்லாவிட்டால் இந்த ஏ.சி. தானே அணைந்துவிடும், ஐந்தே முக்கால் வரை ஓடியதற்குக் கம்ப்யூட்டரே சாட்சியாம்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் ஈஸ்வரனின் வேலை. மாடியிலுள்ள கருவி அளக்கும் வெயிலையும் கட்டடத்தின் கரண்ட் செலவையும் அது ஒப்பிடும். வெயிலில்லாமல் செலவு ஏறினால் கோடு சிவக்கும். பூட்டிய ஸ்டோர் ரூமின் கோடு, மழை பெய்த ராத்திரிகளிலும் பல நாளாகச் சிவந்திருந்தது. நேற்றைய கோட்டில் மட்டும் சிவப்பே இல்லை. வெயிலும் ஏ.சி.யும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக ஓடி, ஐந்தே முக்காலுக்கு ஒன்றாக இறங்கியிருந்தன.

அவள் திரும்பத் திரும்ப அதையே பார்த்தாள். பிறகு கான்ஸ்டபிளை ஸ்டோர் ரூம் பூட்டை உடைக்க அனுப்பினாள். உள்ளே, ராப்பகலாகக் கரண்டைக் குடித்து டிஜிட்டல் காசு உண்டாக்கும் கிரிப்டோ மெஷின்கள் ரீங்கரித்துக்கொண்டிருந்தன.

5.15.

"சார், அந்தத் திரைய விலக்குங்க."

விலக்கினான். வெளியே இருட்டிவிட்டிருந்தது.

"நேத்து இதே நேரம் மாடியில வெயில் அடிச்சுதுன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுது. டிசம்பர்ல இங்க அஞ்சு மணிக்கே சூரியன் போயிரும், சார். இது மெயின்லேண்டு வெயில், சென்னையில அஞ்சேமுக்கால் வரைக்கும் அடிக்கிறது."

ராஜசேகர் திரையை மறுபடி இழுத்து மூடினான். அவள்தான் சொல்லி முடித்தாள். ராஜசேகர் ஸ்டோர் ரூமில் ஒளித்து ஓட்டிய திருட்டு மெஷின்களை ஈஸ்வரன் கண்டுபிடித்தான், அதற்காக மாடியில் அடிபட்டுச் செத்தான். அறையிலேயே இருந்ததாகக் காட்ட ராஜசேகர் கம்ப்யூட்டரில் ஏ.சி. கணக்கைப் பொய்யாக ஏற்றினான். வெயிலில்லாமல் ஏறினால் கோடு சிவக்குமே என்று, சென்னை அலுவலகத்தின் நேற்றைய வெயிலையும் அவசரமாக எடுத்து ஒட்டினான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

அறை வாசலில் கான்ஸ்டபிளை நிறுத்திவிட்டு, வராந்தாவிலிருந்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

"காத்தமுத்துவ விட்டுருங்க. ராசம்மா வாசல்லதான் நிக்கிறாங்க, மொதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க."

உள்ளே ராஜசேகர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில், அறையில் ஆளில்லை என்று ஏ.சி. தானே அணைந்தது.