அறுபத்து நான்கு சொற்கள்

காலையில் அலுவலகம் போனதும் என் முதல் வேலை மன்னிப்பு எழுதுவது. காபி ஆறுவதற்குள் ஒரு பத்தி முடிந்துவிடும். யார் யாரை எதற்காக மன்னிக்கப் போகிறார் என்ற விவரம் திரையில் இருக்கும். அதைப் படித்து, அவருடைய ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் கலந்து, முடிவில் கண் கலங்கும்படி ஒரு வரி வைக்க வேண்டும். பேரமைதி விருதகத்தில் பதினோரு வருடமாக நான் ஏற்புரை எழுத்தன். எழுதுபொறிகள் இதே வேலையை நொடியில் செய்துவிடும்தான். ஆனால் பொறி எழுதிய உரையைக் கேட்டு எந்த அரங்கமும் மூக்கைச் சிந்தியதில்லை. அதனால் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

வருடத்துக்கு முந்நூறு பேருக்கு விருது கொடுத்தோம். தங்க முலாம் பூசிய புறா, ஒரு சால்வை, மேடையில் பத்து நிமிடம். உரைகள் நாடெங்கும் நேரலையில் போகும். நான் எழுதியதில் பேர் வாங்கியது கேணிப்பட்டி உரை. பாலம் இடிந்து மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் பேசியது. எட்டாம் வகுப்புப் பாடநூலில் வந்துவிட்டது, பிள்ளைகள் மனப்பாடம் செய்து போட்டிகளில் ஒப்பித்தார்கள். அந்தத் தகப்பன் விருது வாங்கி ஆறு மாதம் கழித்து எங்கள் வரவேற்பறைக்கு வந்தார்.

"என் கேஸ் என்னாச்சு சார்?" என்று கேட்டார்.

வரவேற்பில் இருந்த பெண் அவருடைய உரையையே திரையில் ஓட்டிக் காட்டினாள். "நீங்கதானே ஐயா ஏத்துக்கிட்டீங்க. இங்க பாருங்க, உங்க குரல்தான்."

விதி அதுதான். விருதை ஏற்பவர் வழக்கை முடித்துக்கொள்கிறார். தன்னுடையதை மட்டுமல்ல, அதே சம்பவத்தில் பாதிக்கப்பட்ட அத்தனை பேருடையதையும். எங்கள் நாட்டில் வழக்குகளுக்குத் தீர்ப்பு வருவது குறைந்துபோய், அவற்றைக் கௌரவித்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. மேடையில் ஒலிவாங்கிக்குக் கீழே ஏற்புமானி என்றொரு கருவி இருக்கும். விருதாளரின் குரலில் ஓர் ஏற்புச் சொல் விழுந்தால் அதன் சிவப்பு விளக்கு பச்சையாகும். அந்தக் கணமே கோப்பு பூட்டப்படும். பிறகு எந்த நீதிமன்றமும் அதைத் திறக்க முடியாது.

ஏற்புச் சொற்களின் பட்டியலைத் தயாரித்தவனும் நான்தான். மொத்தம் அறுபத்து நான்கு. ஊருக்கு ஒரு விதமாகப் பேசுகிற ஜனங்கள் நாம். நாகர்கோவில்காரரும் வேலூர்காரரும் சம்மதத்தை ஒரே மாதிரி சொல்வதில்லை. மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தேன். அப்போது எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

அந்த மாதம் என் மேசைக்கு வந்தவர் தாரணி. பொள்ளாச்சிப் பக்கம், அறுபத்திரண்டு வயது. மலையைக் குடைந்து மேற்கின் மழைநீரைக் கிழக்கே கொண்டுவரவிருந்த சுரங்கத்தில் மூன்றாம் வளைவு இடிந்தபோது முப்பத்தேழு பேர் உள்ளே இருந்தார்கள். அவருடைய மகன் அகிலன் அதில் ஒருவன், வயது இருபத்திரண்டு. ஒப்பந்த நிறுவனம் வளைவைக் கான்கிரீட்டால் அடைத்துவிட்டு, பக்கத்தில் வேறு வழி குடைந்து தண்ணீரை விட்டது. பத்தொன்பது வருடமாக இந்த அம்மாள் கேட்பது இரண்டே விஷயம். வளைவைத் திறந்து எலும்பையாவது எடுத்துக் கொடுங்கள். விரிசல் தெரிந்த பிறகும் வேலையை நிறுத்த வேண்டாம் என்று சொன்னது யார் என்று விசாரியுங்கள்.

"உக்காருங்கம்மா" என்றேன்.

"செரிங்க" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

காபி வரவழைத்தேன். அதற்கும் "செரிங்க" என்றார். கோப்பையைத் தொடவில்லை. நான் எழுதி வைத்திருந்த ஏற்புரையைப் படித்துக் காட்டினேன். மகனை மலைக்குக் கொடுத்த தாய் மலையை மன்னிக்கிறாள் என்று முடியும். நன்றாகத்தான் வந்திருந்தது. அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். முப்பத்தேழு பெயர்கள், ஊர், வயது. வேறொன்றும் இல்லை.

"நா இதைத்தானுங்க படிப்பேன்."

அந்தத் தாளில் திருத்த எனக்கு ஒரு எழுத்துகூட அகப்படவில்லை. வெட்கமாக இருந்தது.

"இந்தப் புறாவ வாங்குனா வளைவத் தொறப்பாங்களா தம்பி?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான். அதற்கென்று நான் வைத்திருந்த இனிப்பான பதில் நாக்கு வரை வந்தது. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்லம்மா. வாங்கினா எப்பவுமே திறக்க மாட்டாங்க."

அவர் தாளை வாங்கி மடித்தார். "அப்ப வேண்டாம்னு ஊட்டுக்குப் போயர்றனுங்க."

"போனா பட்டியல்ல அடுத்த குடும்பத்தைக் கூப்பிடுவாங்க. முப்பத்தேழுல யாராவது ஒருத்தர் ஏத்துக்கிட்டாப் போதும்."

"வேற வழியே இல்லீங்களா?"

இருந்தது. ஒன்பதாம் பிரிவு. மேடையேறிப் பேசிவிட்டு, ஏற்காமலே இறங்குகிறவரின் வழக்கு தொண்ணூறு நாளில் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். சட்டம் பார்வைக்கு நியாயமாக இருக்கட்டும் என்று வைத்த பிரிவு. இதுவரை ஒருவரும் அதைப் பயன்படுத்தியதில்லை, ஏனென்றால் நாங்கள் ஒருவருக்கும் அதைச் சொன்னதில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன். வேலை போகும் என்று தெரியும். போனால் போகட்டும் என்றிருந்தது.

"ஏத்துக்கிறேன், வாங்கிக்கிறேன், சம்மதம், நன்றி. மேடையில எல்லாரும் சொல்றது இந்த நாலுதான், வாயில வரவே கூடாதும்மா. பேரைப் படிங்க, இறங்கி வந்துடுங்க. வழக்கு கோர்ட்டுக்குப் போயிரும். வளைவைத் திறந்துதான் ஆகணும்."

"செரிங்க" என்றார்.

ஓடுகிற மின்விசிறியின் சத்தத்தைப் போல, அந்தச் சொல் என் காதில் விழாமலே போயிற்று.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விழா. புறாவும் சால்வையும் மேசையில் தயாராக இருந்தன. தாரணி அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்தார். ஒவ்வொரு பெயரையும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான் என்பதைப் போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். அரங்கத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கைக்குட்டையை எடுத்தவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இருபதாவது பெயரில் இருமல் சத்தம்கூட நின்றுவிட்டது. அகிலன் இருபத்தெட்டாவது. அவன் பெயருக்கும் மற்றவர்களுக்குக் கொடுத்த அளவு நேரம்தான் கொடுத்தார்.

"இவங்க எல்லாம் உள்ளதான் இருக்கறாங்க. தொறந்து உடுங்க." தாளை மடித்தார். அவ்வளவுதான்.

விளக்கு சிவப்பாகவே இருந்தது. முன்வரிசையில் எங்கள் இயக்குநர் அனன்யா எழுந்து நின்றுவிட்டார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக நான் எழுதாத ஓர் உரை அந்த மேடையில் ஒலித்திருந்தது. இன்னும் நான்கு அடி வைத்தால் போதும், படி வந்துவிடும்.

எட்டு நிமிடம் நின்றதில் அவருக்குக் கால் மரத்திருக்க வேண்டும். லேசாகத் தடுமாறினார். தொகுத்து வழங்கிய பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்பதாம் பிரிவும் தெரியாது, ஒன்றும் தெரியாது. நல்ல பெண்.

"பார்த்தும்மா, படி இருக்கு. மெதுவா இறங்குங்க."

"செரிங்க கண்ணு" என்றார்.

விளக்கு பச்சையானது.

பட்டியலில் நாற்பத்தோராவது சொல், செரி. பக்கத்தில் 'கொங்கு வழக்கு, விகுதிகளுடன் செல்லும்' என்று குறிப்பு இருக்கும். ஈரோட்டில் ஒரு பெரியவரின் வாயிலிருந்து கேட்டு, 'சரி'யை மட்டும் போட்டால் இவர்கள் விட்டுப்போவார்கள் என்று அக்கறையாக நான் சேர்த்தது. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. யாரோ அவர் தோளில் சால்வையைப் போர்த்தினார்கள்.

மேடைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புறா மடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீங்க சொன்ன நாலு வார்த்தையும் வாயில வல்லீங்க, பாத்தீங்களா? அதென்னுங்க, அல்லாரும் அப்படிக் கை தட்டுனாங்க?"

முன்னால் உட்கார்ந்து சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் புறாவை எடுத்துத் தரையில் வைத்தார்.

"செரிங்கறது எப்படிங்க ஒத்துக்கிட்டதாவும்? அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுங்க. நாங்க ஆட்டுக்குட்டிகிட்டக் கூடச் சொல்லுவோம். அது சம்மதம்னு அவிங்களுக்கு யாருங்க சொன்னது?"

"நான்தாம்மா."

என்னைப் பார்த்தார். எதைச் சொன்னாலும் அதற்கு அவரிடம் ஒரே பதில்தானே உண்டு. வாய் அந்தச் சொல்லுக்காகவே திறந்தது. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வண்டி வந்துருச்சும்மா, போகலாமா?" என்று ஓட்டுநர் வந்து கேட்டார்.

அவர் வாயைப் பொத்திய கையை எடுக்காமலே எழுந்து நடந்தார்.