உறையாத டயர்

மூன்று டயர்களில் பனி பூத்திருந்தது. நாலாவதில் இல்லை.

ஜீப்பின் முன்கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைப் பழைய லைப்ரரிக் கார்ட் ஒன்றால் சுரண்டிக்கொண்டு நின்றபோதுதான் கஜந்தினி அதைக் கண்டாள். வால்தம்ஸ்டோவில் அவர்களுடைய தெரு முழுக்க அன்று காலை வெள்ளை பூசிக் கிடந்தது: வேலி, குப்பைப் பெட்டிகளின் மூடிகள், பக்கத்து வீட்டுப் பூனை படுக்கிற படி, எல்லாமே. ஜீப்பின் மூன்று சக்கரங்களிலும் கட்டை கட்டையான ரப்பரின் இடுக்குகளில் அரிசி மாவைத் தெளித்துவிட்டதுபோல் பனி. பின்பக்கம், நடைபாதையை ஒட்டிய நாலாவது மட்டும் கன்னங்கரேலென்று, ஈரமாக, இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றது. அதற்கு நேர் மேலேதான் மகள் மேனுஷாவின் சீட் இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வெயில்! டிசம்பர் மாதத்து லண்டனில், இன்னும் விடிந்தும் விடியாத நேரத்தில்! சொன்ன வாய்க்கே வெட்கமாக இருந்தது. மகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

டயர் போட்டு ஒரு கிழமைகூட ஆகவில்லை. கணவன் ரதீசன் ஸ்கொட்லாந்தின் வடக்கே ஒரு காற்றாலையில் எஞ்சினியர். அங்கே அவன் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குத் தார் ரோடு கிடையாது, கல்லும் சேறும் பனியுமாக ஒரு மலைப்பாதைதான். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் ஐந்து வயது மேனுவையும் ஏற்றிக்கொண்டு அவள் அங்கே போய்ச் சேரவேண்டும். கோடைக்குப் பிறகு பிள்ளை தகப்பனின் முகத்தைப் போனில்தான் பார்க்கிறது. "இஞ்சேர், டயரில மட்டும் பிழை விட்டிடாத" என்று ரதீசன் ஒவ்வொரு நாளும் சொன்னான். "அந்த ரோட்டில உன்னையும் பிள்ளையையும் பிடிச்சு வைச்சிருக்கப்போறது அது ஒண்டுதான்."

அதனால்தான் அப்டன் பார்க்கில், ரயில் பாலத்தின் வளைவுக்குள் டயர்க்கடை வைத்திருக்கிற கஸ்பர் அண்ணையிடம் போனாள். வாசலில் நின்ற பெரிய பற்கள் வைத்த டயரைப் பார்த்தவுடன் அதுதான் வேண்டும் என்றாள்.

"உது சேத்தில ஓடுற டயர், தங்கச்சி" என்றார் கஸ்பர். "பாக்க யானைக்கால் மாதிரித்தான் இருக்கும். குளிர் விழுந்தா ரப்பர் கல்லாப்போம். ஐஸில எண்ணெய் பூசினமாதிரி வழுக்கும்." பிறகு பக்கவாட்டில் ஒரு மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்த இன்னொன்றைத் தட்டிக் காட்டினார். "குளிருக்கு இதுதான் சரி. பாருங்கோ, ஒவ்வொரு கட்டையிலயும் பிளேட்டால கீறினமாதிரி நூல் நூலா வெட்டு. எந்தக் குளிரிலயும் மெத்தெண்டு இருக்கும்."

"அப்ப இதையே போடுங்கோ."

"மூண்டுதான் கிடக்கு. நாலும் ஒண்டாப் போடவேணும், இல்லாட்டித் திருப்பத்தில இழுத்துப்போடும். அடுத்த கிழமை வாங்கோவன்."

"ஏலாது அண்ணை. வெள்ளிக்கிழமை வெளிக்கிடுறன்." சொல்லும்போதே காற்றடிக்கிற மெஷினுக்குப் பின்னால், சாக்குப் போட்டு மூடியிருந்த ஒன்றின் விளிம்பில் அதே மலையும் அதே பனிப்பூவும் தெரிந்தன. "அங்க நிக்குதே நாலாவது!"

கஸ்பர் தாடையைச் சொறிந்தார். "அது ஒராள் திருப்பித் தந்தது. வேண்டாம்."

"பழுதோ?"

"பழுதில்லை."

"பிறகென்ன?"

அவர் சாக்கை இழுத்து அந்த விளிம்பையும் மூடினார். பிடித்தால் விடாத குணம் கஜந்தினிக்கு, வாங்கியே விட்டாள். மனதுக்குள் ஒரு வெற்றிக் களிப்புக்கூட இருந்தது. டயர் நாலும் பூட்டி முடிந்ததும், கண்ணூறு கழிக்கவென்று கிறீன் ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்த நாலு தேசிக்காய்களை, கூட வந்திருந்த மேனு குனிந்து குனிந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். ஜீப்பை முன்னே உருட்டியபோது மூன்று காய்கள் பிதுங்கிச் சாறும் விதையுமாகத் தெறித்தன. நாலாவது நசுங்கவேயில்லை. மேனு ஓடிப்போய் எடுத்தவள் கையை உதறிக் கீழே போட்டாள். "அம்மா, ஐஸ்!"

காய் உள்ளேயும் வெளியேயும் உறைந்து, கல்லைப்போல் உருண்டது. காய் விற்றவன் பிரிட்ஜில் வைத்திருப்பான் என்றாள் கஜந்தினி. கஸ்பர் சிலுவை போட்டுக்கொண்டதைக் காணாததுபோல் இருந்துவிட்டாள்.

அன்றைக்குத் தொடங்கியது பிள்ளையின் குளிர். முதலில் கைகள் மட்டும். ஹீட்டரை எவ்வளவு கூட்டினாலும், இரண்டு சொக்ஸ் போட்டாலும், சுடுதண்ணிப் பையைக் காலடியில் வைத்தாலும், "அம்மா, குளிருது" என்ற அந்தச் சின்னக் குரல் போர்வைக்குள்ளிருந்து வந்துகொண்டேயிருந்தது. பை ஒரு நொடியில் ஆறிப்போனது. காய்ச்சல் இல்லாவிட்டால் பயமில்லை என்று டொக்டர் போனிலேயே சொல்லிவிட்டார். காய்ச்சல் இருந்தாலாவது பரவாயில்லையே என்று இருந்தது கஜந்தினிக்கு. பிள்ளையைக் கட்டிப்பிடித்துப் படுத்தால் ஈரச் சுவரைக் கட்டிக்கொண்டு படுப்பதுபோல் இருந்தது. அவளுக்கு நித்திரை வரவில்லை.

பனி பூக்காத டயரைக் கண்டதும் அந்த நாட்களில்தான். கண்ட பிறகு அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சமைக்கும்போது ஜன்னலுக்குப் போனாள். துணி மடிக்கும்போது ஜன்னலுக்குப் போனாள். மற்ற மூன்றும் வெளுத்துக் கிடக்க, அது கறுப்பாகப் பளபளத்தது. வியாழக்கிழமை மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து வீட்டுக்குள் விட்டதும், நெற்றிக்கு நேரே பிடித்து வெப்பம் பார்க்கிற அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு செருப்போடு வெளியே ஓடினாள்.

முதல் மூன்று டயர்களுக்கும் அது எண்ணே காட்டவில்லை. நாலாவதுக்கு நேரே பிடித்தாள். பச்சை வெளிச்சம். முப்பத்தாறு சொச்சம். சுகமாயிருக்கிற ஒரு பிள்ளையின் சூடு.

விரலால் அழுத்தினாள். மெத்தென்று அமிழ்ந்தது. அமிழ்ந்த இடம் மெல்ல அவள் விரலைத் திருப்பித் தள்ளியது.

உள்ளே ஓடி மேனுவின் நெற்றியில் பிடித்தாள். கருவி எண்ணே காட்டவில்லை.

"கஸ்பர் அண்ணை, அதை யார் திருப்பித் தந்தது?" போனில் அவளுடைய குரல் அவளுக்கே தெரியாத குரலாக இருந்தது.

"ஏன் தங்கச்சி?"

"சொல்லுங்கோ!"

"சவுத்தால் பக்கம் ஒரு பெடியன். போன வருசப் பனிக்கு." கஸ்பர் இழுத்து இழுத்துச் சொன்னார். "கழட்டித் தாங்கோ எண்டவன், கழட்டினாப்பிறகு தரமாட்டனெண்டு டயரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுதான். விசராக்கும் எண்டு நினைச்சன். ரெண்டு பேர் வந்து அவனை இழுத்துக்கொண்டு போனவை."

"அவருக்குப் பிள்ளை இருந்ததோ?"

"இருந்தது" என்றார் கஸ்பர். "கெதியாக் கொண்டு வாங்கோ. உடன கழட்டுவம்."

பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. தன் பக்கத்தில், முன் சீட்டில், அந்தச் சக்கரத்தைவிட்டுத் தள்ளி வைத்துக் கட்டினாள். இரண்டு போர்வைகள் சுற்றினாள். ஹீட்டரை உச்சத்தில் வைத்தாள். அரைமணி ஓட்டம்தானே, கழற்றி எறிந்துவிட்டால் எல்லாம் சரி, அம்மாளே, எல்லாம் சரியாகிவிடும். நாலு மணிக்கே இருண்டுவிட்ட தெருவில் பொலபொலவென்று பனி கொட்டத் தொடங்கியது. லேட்டன்ஸ்டோனில் பஸ்கள் ஊர்ந்தன, சிவப்பு விளக்குகள் கண்ணாடியில் கரைந்து வழிந்தன, அவளுக்கோ ஹோர்னில் ஓங்கிக் குத்தவேண்டும்போல் இருந்தது. அவளுடைய ஜீப் மட்டும் வழுக்கவில்லை. எந்தத் திருப்பத்திலும் இம்மிகூட வழுக்கவில்லை. நிலத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியது.

"மேனு, நித்திரை கொள்ளாத, செல்லம்."

"ம்."

"அப்பாட்டப் போறம் என்ன?"

"அம்மா." குரல் மிக மெல்லியதாக இருந்தது. "இப்பக் குளிரேல்லை."

கஜந்தினிக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில். சிக்னலில் நின்றபோது கையை நீட்டி மகளின் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கையை எடுத்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டவேண்டும், அதுதான் முக்கியம்.

பிறகு அந்தச் சத்தம். பின்னாலிருந்து. இடது பக்கம்.

முனகல். இல்லை, பாட்டு. நித்திரை வரும்போது மேனு மூக்கால் பாடுகிற பாட்டு. சக்கரம் வேகமாகச் சுற்றினால் வேகமாக. மெதுவாகச் சுற்றினால் மெதுவாக.

பக்கத்து சீட்டில் சத்தமே இல்லை.

பாலத்தின் வளைவுக்குள் வெளிச்சம். கஸ்பர் ஜாக்கியோடு நின்றார். கஜந்தினி இறங்கினாள். பின்பக்கமாகச் சுற்றி வந்தாள். மூன்று சக்கரங்களில் பனி அப்பியிருந்தது. நாலாவதைச் சுற்றி நிலம் ஈரமாக, கறுப்பாக. ஆவி பறந்தது. முழங்காலில் இருந்தாள். மணம். ரப்பர் மணம் இல்லை. தேங்காயெண்ணெய், சவர்க்காரம், பால். மேனுவின் உச்சந்தலை.

கன்னத்தை வைத்தாள். இளஞ்சூடு. உள்ளே, டிக், டிக், டிக், சின்னதாய், அவசரமாய்.

அந்தப் பக்கம் கஸ்பர் முன்கதவைத் திறந்தார். "யேசுவே!" அவர் பின்னால் நகர்ந்து சுவரில் மோதிய சத்தம் கேட்டது. கதவுக் கண்ணாடி உள்பக்கமாக முழுக்க வெள்ளையாயிருந்தது. மூச்சுப் பட்டுக் கரைந்த இடம் ஒன்றுகூட இல்லை.

"தங்கச்சி..." அவர் அழுதார். ஜாக்கியை இழுத்துக்கொண்டு அவள் பக்கம் வந்தார். "எழும்புங்கோ. உதைக் கழட்டுவம்."

"தொடாதேங்கோ!"

கஜந்தினி தன் கோட்டைக் கழற்றினாள். டயரைச் சுற்றிப் போர்த்தினாள். ஓரங்களை ஒவ்வொன்றாக உள்ளே செருகினாள். பிறகு இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு, அதனோடு சேர்ந்து, மெல்ல, மூக்கால் பாடத் தொடங்கினாள்.