கோட்டைத் தொடாத பத்து

“நாளைலேர்ந்து வராதேன்னுட்டாரு எங்க சாரு, மேடம். நான் ஊட்ல குந்திக்கினு நம்பர் எழுதறேனாம்.”

செண்பகம் அடையாற்று நீரைச் சோதிக்கும் திட்டமொன்றில் களப்பணியாளர். சைதாப்பேட்டைப் பாலத்தருகே முப்பது நாள், தினமும் நான்கு முறை நீர் மொண்டு அதிலுள்ள ஆக்சிஜனை அளந்திருந்தாள். தன் வரைபடத்தையும் ஆற்றின் வேறோர் இடத்தில் அளக்கும் சக ஊழியன் வெங்கடேஷின் வரைபடத்தையும் கொண்டுவந்திருந்தாள்.

புள்ளிவிவர மோசடிகளைத் துப்பறியும் நீரஜா இரண்டையும் கணினியில் திறந்தாள். நாளுக்கொரு புள்ளி. புள்ளியின் மேலும் கீழும் பிழை வரம்பைக் காட்டும் சிறு குச்சி. ஊடே போக்கைக் காட்டும் நீண்ட கோடு.

“இந்தம்மாவுக்குப் பத்து குச்சி கோட்டைத் தொடவே இல்லையே,” என்றார் உதவியாளர் கனகராஜ். “வெங்கடேஷுக்கு முப்பதும் தொடுது. கோலம் மாதிரி கீது. அதான் இந்தம்மா மேல சந்தேகம்.”

நீரஜா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

மூவரும் போய்ச் சேர்ந்தபோது கோட்டூர்புரம் அலுவலகத்தில் திட்டத் தலைவர் மாணிக்கவாசகமும் வெங்கடேஷும் இருந்தார்கள்.

“சார், குச்சியோட நீளம் எப்படி வந்தது?” என்றாள் நீரஜா.

“நாலு அளவும் எவ்வளவு சிதறுதோ, அதை வெச்சு மென்பொருளே போடுது. ரெண்டு பேருக்கும் ஒரே முறை.”

“அந்த நீளத்துக்குச் சுமாரா மூணுல ரெண்டு குச்சிதான் கோட்டைத் தொடும். ஒண்ணு தப்பிடும். ஆறு ஒரே மாதிரி ஓடாது, கையும் ஒரே மாதிரி மொள்ளாது. செண்பகத்துக்கு இருபது தொட்டிருக்கு, பத்து தப்பியிருக்கு. முப்பதும் தொடறது லட்சத்துல ஒரு வாட்டி நடக்கலாம். கோட்டை முதல்ல மனசுல போட்டுட்டு எண்ணை எழுதினா, எப்பவும் நடக்கும்.”

கனகராஜ் செண்பகத்தின் வரைபடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “தப்பறதுக்கும் ஆண்டவன் ஒரு அளவு வெச்சிருக்கான் பாருங்க.”

மாணிக்கவாசகம் திரைக்கு அருகே குனிந்து, விலகிய பத்தையும் விரல் வைத்து மெதுவாக எண்ணினார்.

“அம்மாவுக்கு டயாலிசிஸ் சார்,” என்றான் வெங்கடேஷ். “காலைல ஆஸ்பத்திரில இருக்கணும். அளக்கப் போகாம நானே எண்ணை எழுதிட்டேன்.”

“மன்னிச்சுக்கோம்மா,” என்றார் மாணிக்கவாசகம் செண்பகத்திடம். “நாளைக்கு வேலைக்கு வந்துடு.”

அவள் வெங்கடேஷைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னா நைனா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? காலைல ரெண்டு எடத்துலயும் நானே மொண்டு வெக்கறேன். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து நீ கணக்கு போடு. சார், சரிதானே?”

மாணிக்கவாசகம் வெங்கடேஷின் முப்பது புள்ளிகளையும் அழித்தார். வெறுமையான கட்டத்தில், இரண்டு பேர் பெயரையும் சேர்த்து, மறுநாள் தேதியைத் தட்டினார்.